எந்தத் தெரு? – வக்கீல்களின் பெயர்களும் கட்சிக்காரர்களின் ஊரும்

1

எங்கள் பக்கத்தில் ஒருவர் "தம்பி எந்தத் தெரு?" என்று கேட்டால் அவர் முகவரி கேட்கவில்லை, சாதி கேட்கிறார். நேராகக் கேட்க நாக்கு கூசுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள். மேலத்தெரு, வடக்குத்தெரு, அக்ரஹாரம், கீழத்தெரு என்று பதில் சொன்னால் போதும். மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். காவிரிப் படுகையில் திசை என்பது பூகோள விஷயம் மட்டுமல்ல.

என் தெருவின் பெயர் அம்பேத்கர் தெரு. நான் பிறந்த 1991இல், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, எங்கள் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுத் தகரத்தில் ஒரு போர்டு எழுதித் தெருமுனையில் நட்டார்கள். நட்டவர்களில் அப்பாவும் ஒருவர். அதற்கு முன் அது வெறும் தெற்குத்தெரு. ஆக, நான் ஒரு வக்கீலின் பெயரைத் தாங்கிய தெருவில் பிறந்தவன். அம்பேத்கரை வக்கீல் என்று சொன்னதும் உங்களுக்குச் சற்று விநோதமாக இருக்கலாம். காந்தியை, நேருவை, வ.உ.சி.யை அப்படிச் சொன்னாலும் அதே விநோதம் தட்டும். இவர்கள் எல்லோரும் வக்கீல்கள்தாம். ஆனால் நம் தெருப் பலகைகள் அந்தத் தொழிலை மறைத்துவிட்டே பெயரை ஏந்துகின்றன.

தஞ்சாவூர் ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தால் காந்திஜி சாலை. லண்டன் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிய ஒருவரின் பெயர் அது. அந்தச் சாலை கல்லணைக் கால்வாயைக் கடக்கிற பாலத்துக்கு இர்வின் பாலம் என்று பெயர். 1931இல் ஒப்பந்தம் போட்ட இருவரும் தஞ்சாவூரில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள்; நாம் ஆட்டோவில் அவர்களைக் கடந்து போகிறோம். தெருப் பெயர் என்பது நாம் வாசிக்காமலே உச்சரிக்கிற ஒரு பிரதி. இந்தக் கட்டுரை அதைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கிற முயற்சி. வக்கீல்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. வக்கீல் என்றால் அவருக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தாக வேண்டும். அவர் எங்கே போனார் என்பதே என் கேள்வி.

2

நெல் மூட்டை ஏறிய அதே ரயிலில்தான் தஞ்சாவூர் ஜில்லாவின் வழக்குகளும் மதராசுக்குப் போயின. 1799இல் சரபோஜியிடமிருந்து நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, மிராசுப் பாத்தியதை என்பது காகிதத்தில் நிரூபிக்க வேண்டிய ஒன்றாக மாறியது. பங்கு, வாரம், வாய்க்கால் முறை, தத்து, பாகப்பிரிவினை, தர்மகர்த்தா பதவி என்று ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. நிலத்துக்குக் காவிரித் தண்ணீர் பாய்ந்தது. வழக்குக்கு நெல் பாய்ந்தது. முன்சீப் கோர்ட்டில் முளைத்த ஒரு வரப்புத் தகராறு, 1862இல் ஏற்பட்ட சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்க் கதிர் விட்டது.

இதில் ஒரு பெரிய விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். 1855இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, கம்பெனி அவருடைய நாட்டுரிமையோடு நிறுத்திக்கொள்ளாமல் சொந்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு சென்னையில் ஜெயித்தார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கம்பெனி செய்தது ஒரு அரசச் செயல், அதை விசாரிக்கிற அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டது. சட்ட மாணவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். தஞ்சாவூரில் நாலு ராஜ வீதிகளும் இருக்கின்றன. ஆனால் ராஜ வீதியில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு வழக்குத் தொடுத்த அந்தப் பெண்ணின் பெயர் தெரியும்?

மிராசு வழக்குகள் வளர்த்த சட்ட உலகத்தில் தஞ்சை ஜில்லாக்காரர்களே முன்வரிசையில் இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் டி. முத்துசாமி ஐயர் (பிறப்பு 1832) உச்சுவாடியில் பிறந்து, திருவாரூரில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் தொடங்கியவர். இந்தியன் வங்கி 1907இல் உருவாகக் காரணமாக இருந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் திருவிடைமருதூர்க்காரர். அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் பி.எஸ். சிவசாமி ஐயர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பழமாநேரி. இவர்கள் குடியேறிய மயிலாப்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் இன்றைக்கும் வக்கீல்களின் பெயர்ப் பட்டியலாகவே இருக்கிறது. பழைய சல்லிவன் கார்டன் ரோடு இன்று சர் பி.எஸ். சிவசாமி சாலை. ஆழ்வார்ப்பேட்டையில் சி.பி. ராமசாமி சாலை.

இந்தப் பலகைகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1970களின் இறுதியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப் பெயர்களில் இருந்த சாதி ஒட்டுகளை நீக்கினார்கள். "ஐயர்" போய்விட்டது, "சர்" இருக்கிறது. உள்ளூர் அதிகாரத்தின் ஒட்டு வெட்டப்பட்டது. வெள்ளைக்காரன் கொடுத்த ஒட்டு பத்திரமாக இருக்கிறது. சாதியைப் பெயரின் வாலில் மட்டுமே தேடுகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும். அந்தச் சாலை ஏன் அந்தப் பெயரைப் பெற்றது, அந்த வீட்டைக் கட்டிய பணம் எந்த வயலில் யார் நட்ட நாற்றிலிருந்து வந்தது என்கிற கேள்விகள் வாலோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகின்றன.

முத்துசாமி ஐயரைப் பற்றி ஒரு கதை உண்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்து முன்னுக்கு வந்தார் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் சொன்னார்கள். ஏழ்மையை உழைப்பால் வென்ற கதை. அவருடைய உழைப்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விளக்கடியில் உட்கார வேண்டுமென்றால் முதலில் அந்தத் தெருவுக்குள் நுழைய முடிந்திருக்க வேண்டும். அதே காலத்தில் எங்கள் பாட்டன் ஒருவன் புத்தகத்தோடு அங்கே போய் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் கதை கேட்பதில்லை. கதைகளின் மௌனமும் கதைகளின் பகுதிதான்.

3

இங்கே நான் பிராமண வக்கீல், பிராமணரல்லாத வக்கீல் என்று கோடு போட்டுக் கட்டுரையை முடித்துவிட முடியாது. தஞ்சாவூரிலேயே வேறு இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள்.

ஒருவர் சர் ஏ.டி. பன்னீர்செல்வம் (1888–1940). நன்னிலம் பக்கத்துச் செல்வபுரத்துக்காரர், பாரிஸ்டர், நீதிக்கட்சி. 1924 முதல் 1930 வரை ஜில்லா போர்டு தலைவர். மராட்டிய அரசர்கள் ஏற்படுத்திவைத்த சத்திரங்களின் சொத்து வருமானம், அதுவரை பயன்பெறாத பிராமணரல்லாத மாணவர்களின் படிப்புக்கும் விடுதிக்கும் திரும்ப வழி செய்தவர். 1940 மார்ச்சில் லண்டனுக்குப் போகிற வழியில் ஹானிபல் விமானம் ஓமன் வளைகுடாவில் மறைந்தபோது அவரும் மறைந்தார். ஈரோட்டில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயர். பஸ்ஸில் "பன்னீர்செல்வம் பார்க் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கிறவர்களுக்கு அந்தப் பன்னீர்செல்வம் யாராகவும் இருக்கலாம்.

இன்னொருவர் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை (1883–1941). தஞ்சாவூரில் வக்கீல், 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதல் தலைவர். எம்.ஏ. தமிழ் படித்த எவனும் கரந்தைக்குக் கடன்பட்டவன், நானும்தான். வழக்காடிச் சம்பாதித்த செல்வாக்கைத் தமிழுக்குத் திருப்பியவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். எங்களுக்கும் அதில் பங்கு வந்தது. கடைசிப் பந்தியில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சத்திரத்தின் கதவு ஒருவருக்குத் திறந்தால் அடுத்தவருக்கும் தானாகத் திறந்துவிடுவதில்லை என்பது இந்த ஜில்லாவின் அனுபவம்.

தமிழ் என்றதும் மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) நினைவு வருகிறது. 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ் பேசும் ஊரில் தமிழ் பேசும் கட்சிக்காரர் முன்னால் இங்கிலீஷில் வாதாடுகிற வக்கீல்களை அவர் கேலி செய்கிறார். சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862இலேயே வெளியிட்டவரும் அவர்தான். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டது. இன்னும் வரவில்லை. தன் வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்று தெரியாமல் கட்சிக்காரர் கோர்ட்டு வராண்டாவில் உட்கார்ந்திருப்பது ஒன்றரை நூற்றாண்டாக மாறாத காட்சி. தெருப் பலகையில் கட்சிக்காரர் காணாமல் போவதற்கு முன்பே கோர்ட்டுக்குள்ளேயே காணாமல் போய்விடுகிறார்.

4

இனி, நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தவர்கள். டெல்டாவின் எந்த டவுனிலும் கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டு ரோடும் பெரும்பாலும் இவர்கள் பெயரில்தான் இருக்கும். வ.உ.சி. 1908இல் தண்டனை பெற்று வக்கீல் சன்னதை இழந்தார். அதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். தனக்கு உரிமை மீட்டுத் தந்த வெள்ளைக்காரனின் பெயரைக் கப்பலோட்டியவர் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்! பெயர் வைப்பது நன்றிக்கடன் தீர்க்கிற முறையாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காந்தியை 1922இல் இன்னர் டெம்பிள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. இறந்து நாற்பது வருஷம் கழித்து, 1988இல், திரும்பச் சேர்த்தது. ராஜாஜி, நேரு, படேல் எல்லோரும் ஒத்துழையாமைக் காலத்தில் கோர்ட்டை விட்டவர்கள். நம் ஊர்ச் சாலைகள் இவர்களைக் கோட்டு கழற்றிய பிறகே நினைவில் வைத்திருக்கின்றன.

ஜோகன்னஸ்பர்கில் அப்படியில்லை. காந்தி வழக்காடிய நீதிமன்றம் இருந்த சதுக்கத்துக்கு அங்கே காந்தி சதுக்கம் என்று பெயர். 2003இல் நிறுவிய சிலையில் அவர் வக்கீல் அங்கியோடு இளைஞராக நிற்கிறார். அந்த அங்கியை நாம் மறந்ததால் கூடவே மறந்துபோனவர்களில் பலர் தமிழர்கள் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். நேட்டாலில் 1894இல் முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்த நிலையில் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம் அவர்களில் ஒருவர். எங்கள் தரங்கம்பாடிப் பக்கத்துத் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மையை மட்டும் நாம் மறக்கவில்லை. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913இல் நீதிபதி சர்ல் தீர்ப்பளித்ததும் பெண்களைப் போராட்டத்துக்கு இழுத்த காரணங்களில் ஒன்று. சிறை சென்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரியில் வள்ளியம்மை இறந்தார். ஒரு தீர்ப்பு தவறு என்று தன் உடம்பால் மேல்முறையீடு செய்தவர் அவர்.

அதே தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர் இரட்டைமலை சீனிவாசன். வக்கீல் அல்ல. நீதிபதிக்கும் கூலிக்கும் நடுவில் நின்று வார்த்தையைக் கடத்தியவர். அவர் ஊர் திரும்பிச் செய்ததுதான் நம் தெருவுக்கு வருகிறது.

5

தெரு என்பது தஞ்சாவூரில் ஆயிரம் வருஷ விவகாரம். பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், தளிச்சேரியின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டிவைத்திருக்கிறார்கள். இன்றைய தபால்காரருக்கே போதுமான முகவரி. அதே கோயில் கல்வெட்டுகள் வரியிலிருந்து விலக்கிய இடங்களைக் கணக்கெடுக்கும்போது தீண்டாச்சேரி, பறைச்சேரி என்றும் சொல்கின்றன. அங்கே ஆளும் இல்லை, பெயரும் இல்லை; வெறும் நிலப்பரப்புதான். சிலருக்கு முகவரி, சிலருக்கு எல்லை. இந்தப் பிரிவினையை யாரும் நேற்று கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் தரப்புத் தெரு வரலாற்றை மூன்று படியாகச் சொல்லலாம். முதலில் நடக்கிற உரிமை. பொதுச் சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தடை கூடாது என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அந்த மொழிபெயர்ப்பாளர் சீனிவாசன்தான். இரண்டாவது, மனை. தஞ்சாவூர் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தபோதும், பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மண்ணில்தான் இருந்தது. கோபம் வந்தால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். 1971இன் குடியிருப்புச் சட்டம்தான் குடியிருந்த மனையைக் குடியிருந்தவனுக்கே சொந்தமாக்கியது. எங்கள் தாத்தாவிடம் அந்தப் பட்டாக் காகிதம் இருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். மனை இல்லாதவனுக்குத் தெரு ஏது? தெரு இல்லாமல் பெயர் ஏது? மூன்றாவதாகத்தான் பெயர் வந்தது. 1991இல், தகர போர்டில்.

இந்த இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் பக்கத்தில் வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட போராட்டத்தின் நடுவில், 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெருநிலம் வைத்திருக்கிறவர்கள், கார் வைத்திருக்கிறவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. சொத்தே சாட்சியாக நின்ற வழக்கு அது. நூறு வருஷமாகக் காவிரி நெல்லில் வளர்ந்த சட்ட அறிவு கடைசியில் யாரை நம்பப் பழகியிருந்தது என்பதை அந்த வாக்கியம் காட்டிக்கொடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் தெருவுக்கு ஏன் அம்பேத்கர் என்று புரிந்துகொள்ள வேண்டும். அவரும் பாரிஸ்டர், 1923இல் பம்பாயில் தொழிலைத் தொடங்கியவர். ஆனால் மகாத் சவுதார் குளத்து வழக்கில் அவர் பிரதிவாதி. 1927இல் அந்தக் குளத்துத் தண்ணீரைத் தொட்டதற்காக மேல்சாதியார் அவர் மீதே வழக்குப் போட்டார்கள். பத்து வருஷம் இழுத்து 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீண்டத்தகாதவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நான் இதுவரை சொன்ன வக்கீல்கள் கட்சிக்காரருக்காகப் பேசினார்கள். அம்பேத்கர் தானே கட்சிக்காரர். இந்த வித்தியாசம் எங்கள் அப்பாவுக்குச் சட்டம் படிக்காமலே தெரிந்திருந்தது. "காந்தி நமக்காகப் பேசுனாரு, இவரு நாமளாப் பேசுனாரு" என்பார்.

6

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பத்தாவது முடித்து நான் வேறு பள்ளிக்குப் போனபோது, விண்ணப்பத்தில் அம்பேத்கர் தெரு என்று எழுதியிருந்தேன். அலுவலக மேசையில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு "காலனியா?" என்றார். அவராகவே அடித்துவிட்டுக் காலனி என்று எழுதிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு இரண்டும் ஒரே சொல்தான். நாங்கள் பெருமையாக வைத்த பெயர் ஊர் வாயில் புது எல்லைக்கல்லாக ஆகிவிட்டிருந்தது. காந்தி எல்லார் தெருவிலும் இருக்கலாம். அம்பேத்கர் அவருடைய தெருவில் மட்டும் இருக்க வேண்டும்.

பெயர் எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 1997இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் தென்மாவட்டங்கள் கலவரத்தில் எரிந்தன. தலித் வீரன் ஒருவனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. அப்படித்தான் வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. எங்கள் பக்கத்து நாகை காயிதே மில்லத் மாவட்டம் நாகப்பட்டினம் ஆனது. ஒரு பெயரைப் பொதுவாக்க முடியாதபோது பொதுவில் பெயரே இல்லாமல் செய்வது! 2008 நவம்பரில் சென்னைச் சட்டக் கல்லூரியில் நடந்த மோதலுக்கு முன்கதை, சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டு அச்சடித்தது. நாளைய வக்கீல்கள், ஒரு வக்கீலின் பெயருக்காக, கட்டையால் அடித்துக்கொண்டதை ஊர் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்கப்போவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் தெரு, சாலை, நீர்நிலைப் பெயர்களில் உள்ள சாதியை நீக்க அரசாணை வந்தது. இவற்றை நான் எதிர்க்கவில்லை. விண்ணப்பத்தில் காலனி என்று அடித்து எழுதப்பட்டவன் எப்படி எதிர்ப்பேன்? ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பேன். "ஐயர்" போய் "சர்" தங்கிய கதையை முன்பே பார்த்தோம். காலனி என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் அம்பேத்கர் என்று எழுதினால், காலனி என்ற சொல்லுக்கு அம்பேத்கர் என்று புதுப்பெயர் வைத்ததாகத்தான் ஆகும். பலகை மாறும், "எந்தத் தெரு?" என்ற கேள்வி மாறாது.

நண்பர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்கிறார்கள். அந்தப் பலகையை நட அடி வாங்கியிருக்கிறோம், ராத்திரி யாராவது சாணி அடித்தால் விடியற்காலையில் கழுவியிருக்கிறோம், அதை எல்லைக்கல் என்று நீயே சொல்லலாமா என்கிறார்கள். நியாயமான கோபம். நான் பலகையை எடுக்கச் சொல்லவில்லை. அவர் எங்கள் தெருவிலேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது என்கிறேன். தேரோடும் வீதிக்கும், கடைத்தெருவுக்கும், கோர்ட்டு ரோடுக்கும் அவர் பெயர் போகட்டும். எங்கள் தெற்குத்தெருவுக்கு வேதநாயகம் பிள்ளையோ வள்ளியம்மையோ வரட்டும். பெயர்கள் இடம் மாறினால்தான் தெருவைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கிற அந்தச் சௌகரியம் கெடும். ஊராட்சிக் கூட்டங்களில் மாற்றுப் பெயர் பற்றிப் பேச்சு வரும்போது நாம் வாதாட வேண்டிய வழக்கு இதுதான். இதற்கு வக்கீல் வைக்க முடியாது, நாமே பேசியாக வேண்டும்.

போன டிசம்பரில் வெண்மணிக்குப் போயிருந்தேன். அங்கே நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். வழக்காடியவர்கள் பெயர் இல்லை, தீர்ப்பெழுதியவர்கள் பெயர் இல்லை. இந்த ஜில்லாவில், தோற்றுப்போன ஒரு வழக்கின் கட்சிக்காரர்கள் எல்லோரும் பெயரோடு நிற்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வரிசையாகப் படித்துக்கொண்டே போனபோது ஒரு தெருவில் வீடு வீடாக நடந்து போவது போலிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். தெருவை அவர் கேட்கவில்லை.